கம்பிமத விளக்கம்

பிறர் கொள்கையைப் பரபக்கத்தில் நிறுத்தி அடித்துவிட்டு, தன் கொள்கையைச் சுபக்கத்தில் நாட்டியவர் சிவஞான சித்தியார் பாடிய அருணந்தி சிவாசாரியார். மைக்செட் ஒயர் பற்றிய இவ்விசாரமும் அவ்வழியே செல்லும். ஆய்வெல்லை: வடக்கே தேனி, தெற்கே லோயர் கேம்ப். காலம்: ஆடி. காலம் குறித்ததன் காரணம் பின்னர் விளங்கும்.

பரபக்கம். இவ்வெல்லைக்குள் மதங்கள் இரண்டு. ஒற்றைக் கம்பியில்தான் பாட்டு சிதறாமல் போகும், பல பிரி ஒயரில் பிரிக்குப் பிரி தாவிக் கலங்கும் என்பது ஏகக்கம்பிவாதம். மின்சாரம் கம்பியின் தோலில்தான் ஓடும், பிரி கூடினால் தோல் கூடும், ஆகவே ஜால்ரா சுத்தமாகக் கேட்கும் என்பது பலபிரிவாதம். இரண்டாமவர் சற்றுப் படித்தவர். மறுப்பதில் சுகம் அதிகம்.

தோலில் ஓடும் என்றது மெய். தோல் எத்தனை ஆழம் என்பதில்தான் வாதி வழுக்கினார். செம்பில் அது 1,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 2.1 மில்லிமீட்டர், செவியின் மேலெல்லையான 20,000 ஹெர்ட்ஸில் 0.47. ஒரு சதுர மி.மீ. ஒயர் ஒற்றைக் கம்பியானால் அதன் ஆரமே 0.56தான். அதில் தோலெது, சதையெது? போதாக்குறைக்கு, வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் 20,000ஐ எட்டாது. எட்டினாலும் அடியில் சீட்டாடும் பெரியவர்களுக்குக் கேட்காது. தொட்டுக்கொண்டு கிடக்கும் பிரிகள் மின்சாரத்துக்கு ஒரே கம்பிதான். ஒவ்வொரு பிரிக்கும் தனியே எனாமல் பூசினாலன்றோ தோல் கூடும்? அப்படிப் பூசிய இழைகள் மீடியம் வேவ் ரேடியோவின் ஏரியல் காயிலில் உண்டு. பத்து லட்சம் ஹெர்ட்ஸில் ஆழம் 0.07ஆகச் சுருங்குவதால் அங்கே அவற்றுக்கு வேலையும் உண்டு.

ஏகக்கம்பிவாதிக்கு இத்தனை விரிவு வேண்டாம். பிரிகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடே இல்லாதபோது பாட்டு எதற்காகத் தாவும்?

இடைப்பிறவரலாக ஒன்று. பண்ணைப்புரம் இந்த எல்லைக்குள் இருப்பதால், இங்கே பாட்டு இனித்தால் புகழ் இளையராஜாவுக்கு, இரைந்தால் பழி ஒயருக்கு. வால்யூமைக் கடைசிவரை திருகிய கைக்கு ஒன்றுமில்லை.

சுபக்கம். செவியால் பிரித்தறிய முடியாததைக் கையும் காற்றும் பிரித்துவிடும். மைக்செட் ஒயர் சுவருக்குள் படுத்துக் கிடப்பதன்று. குச்சனூர் சனீஸ்வரன் கோயிலின் ஆடிச் சனிக்கிழமைக்கு இழுத்து, மறுநாள் முழங்கையில் சுற்றி, அடுத்து சின்னமனூர்க் காதுகுத்துக்கு அவிழ்ப்பது. வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒற்றைக் கம்பி இறுகும். இறுகி, மேலுறை முழுசாக இருக்க உள்ளே ஒடியும். ஒடிந்த இடத்தைத் தடவிக் கண்டுபிடிப்பதற்குள் காது குத்தி முடிந்து பந்தி நடக்கும். இனி ஆடிக் காற்று. காற்றாலை நட்டுப் பிழைக்கிற அளவுக்கு வீசும் மாவட்டம் இது. மரத்துக்கு மரம் கட்டிய ஒயரை அது இரவு பகலாக ஆட்டும். நாற்பது முப்பத்தாறு ஒயரில், அதாவது முப்பத்தாறாம் கேஜில் நாற்பது பிரி கொண்டதில், ஒன்றிரண்டு பிரி அற்றாலும் மற்றவை கச்சேரியை நடத்திவிடும். ஆகவே வீட்டுச் சுவருக்குள் ஒற்றைக் கம்பி, வெட்டவெளியில் பல பிரி என்பது சித்தாந்தம்.

இதற்கும் ஒரு குற்றம் உண்டு. அவசரத்தில் பல்லால் உறையைக் கடித்து உரிக்கையில் துருத்திய ஒரு பிரி பக்கத்துத் திருகைத் தொட்டால், ஆம்ப்ளிஃபயர் அன்றைய முகூர்த்தத்துக்கு உதவாது. முறுக்கி, மடித்து, பின் திருகுக.

பிரியைவிட நீளமே பெரிது. ஒரு சதுர மி.மீ. செம்பு ஒயரை 100 மீட்டர் இழுத்தால், போக வர இரண்டு கம்பிக்கும் சேர்த்து 3.4 ஓம். முனையில் 8 ஓம் பாக்ஸ் மாட்டினால் சக்தியில் நூற்றுக்கு முப்பது வழியிலேயே சூடாகிப் போகும். குழாயில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 100 வோல்ட் லைனில் ஓட்டினால், 100 வாட் சுமைக்கு இழப்பு நூற்றுக்கு மூன்று சொச்சம். மைக்செட்காரர்கள் இதைச் சூத்திரம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஊர்க்கோடிக் குழாய் முனகியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இறுதியாக, இரு மதத்தாரும் ஒருங்கே கண்டிக்கும் புறச்சமயம் ஒன்று: அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசி, செம்பென்று விற்பது. அலுமினியத்தின் தடை செம்பைப்போல் ஏறக்குறைய 1.6 மடங்கு. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். சுரண்டிப் பார்த்தவரிடம் ஒற்றையா பல பிரியா என்று கேட்டால் பதில் வராது. கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று எதிர்க்கேள்விதான் வரும்.