‘நான் வெள்ளிமலை’: மலைப் பேருந்தை முன்வைத்து ஜப்பானிய இடைச்சொல் ஆராய்ச்சி

ஜப்பானிய மொழி கற்கத் தொடங்குவோரில் பலர் எழுத்தைக் கண்டுகூடத் தேறிவிடுகிறார்கள். வ, க, ஒ, நி, தே என்று சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு திரியும் இடைச்சொற்களைக் கண்டதும் படுத்துவிடுகிறார்கள். இந்நோயின் மூலத்தை, கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி வெள்ளிமலை போகும் பேருந்தில் தேடுகிறது இக்கட்டுரை. ஆய்வுக்கு எவரும் நிதி தரவில்லை. டிக்கெட் கூட நம் செலவு.

மூலம் ஆங்கிலம் என்பது நம் துணிபு. எல்லாவற்றையும் பெயருக்கு முன்னால் நிறுத்தும் ஆங்கிலத்தின் வழியாக, எல்லாவற்றையும் பின்னால் ஒட்டும் மொழியைப் படிக்கிறோம். ‘கள்ளக்குறிச்சிலேர்ந்து வெள்ளிமலை வரைக்கும் பஸ்ல போறேன்’ என்ற வாக்கியத்தில் லேர்ந்து, வரைக்கும், ல என்பவற்றை எடுத்துவிட்டு முறையே ‘கரா’, ‘மதே’, ‘தே’ என்று வையுங்கள். கடைசியில் ‘இகிமாஸ்’ போடுங்கள். ஜப்பானியம் முடிந்தது, வரிசை கலையவே இல்லை. ‘யாரும் இல்ல’ என்பதில் உள்ள உம்மையைக் கழற்றி ‘மோ’வை மாட்டினால் ‘தரேமோ இனாய்’. தொல்காப்பியர் இடையியல் என்று தனி இயலே வகுத்த சரக்கு இது. நாமோ இதற்குக் கட்டணம் கட்டி வகுப்புக்குப் போகிறோம்.

சிறு சிக்கல் ஒன்று உண்டு. ‘வெள்ளிமலைல சாப்பிட்டேன்’ என்றால் ‘தே’. ‘வெள்ளிமலைல இருக்கேன்’ என்றால் ‘நி’. வினை ‘இரு’ என்றால் ‘நி’ என்று மனப்பாடம் செய்க. உயிருள்ளவை இருப்பதற்கு ஜப்பானியத்திலும் ‘இரு’தான், இந்த ஒற்றுமையைக் கண்டு மயங்கி இரவெல்லாம் தூங்காதவர்கள் உண்டு. மயங்க வேண்டாம், தற்செயல்.

பெரும் சிக்கல் ‘வ’வும் ‘க’வும். இரண்டையும் எழுவாய் உருபு என்று நினைத்துவிட்டால் கதை முடிந்தது. இங்கேதான் கண்டக்டர் நமக்கு ஆசிரியராகிறார். ‘டிக்கெட் எடுக்காதது யாரு?’ என்று அவர் கேட்டால் விடை ‘நான்தான்’. இந்தத் ‘தான்’ ஏறக்குறைய ‘க’. யார் என்ற கேள்விச் சொல்லும் எழுவாயாக வரும்போது ‘க’வோடுதான் சேரும், ‘வ’வோடு சேராது. அவரே பக்கத்தில் வந்து ‘நீங்க எங்க?’ என்றால் விடை ‘நான் வெள்ளிமலை’. இது ‘வ’. பேசுகிறவர் மலையல்லர் என்பது கண்டக்டருக்கும் தெரியும். ஓட்டலில் ‘நான் விலாங்குமீன்’ என்று சொல்லி விலாங்குமீன் வரவழைக்கும் வாக்கியத்தை வைத்து ஜப்பானிய இலக்கணிகள் நீண்ட காலம் வாதாடியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மலைப் பேருந்து போதுமாயிருந்திருக்கும்.

எதிர்வாதம் வரும்: ‘தான்’ இல்லாமலும் ‘க’ வருகிறதே? வரும். நிலையத்தில் நெடுநேரம் நின்றவர்கள் ‘பஸ் வந்துருச்சு!’ என்று பாய்வது முழுக்கப் புதுச் செய்தி, அது ‘க’. ஏறிப் பார்த்தபின் ‘பஸ் வந்து ஃபுல்லு’ என்று வருந்துவது ‘வ’. இந்த ‘வந்து’ நாம் கேவலமாக நினைக்கும் பேச்சு அசைச்சொல். ஆனால் ‘வ’வின் வேலையை இதைவிட நெருக்கமாகச் செய்யும் சொல் நம்மிடம் இல்லை. ‘பஸ் வந்து இன்னும் வரல’ என்ற வாக்கியத்தில் முரண் காண்பவருக்கு ஜப்பானியம் வராது.

தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு சொன்ன சுசுமு ஓனோவும் (1919–2008) இதே இரண்டு சொற்களோடு மல்லுக்கட்டியவர். ‘வ’ தெரிந்ததைச் சுட்டும், ‘க’ தெரியாததைச் சுட்டும் என்றார். அவருடைய உறவுக் கொள்கையை மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இந்த விதி மட்டும் மலைப் பாதையில் நன்றாகவே ஓடுகிறது.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு சென்னையில் நடக்கிறது, அடிமட்டம் என்5. அதற்குப் படிக்கும் கள்ளக்குறிச்சி மாணவர்கள் ஆங்கில உரையை மூடிவிட்டு, கண்டக்டர் அருகில் ஓர் இருக்கை பிடிக்கவும். சில்லறை கையோடு இருக்கட்டும்.