வேண்டுதலுக்கு அடியில் ஒரு கணிதம்

கேள்வி: ஏட்டிலிருந்து சுரண்டி அழிக்கப்பட்ட எழுத்தை அறிவியலால் மீண்டும் படிக்க இயலுமா?

பதில்: இயலும், அழித்தவர் அழித்ததாக எண்ணியதை மை ஒப்புக்கொள்வதில்லை. 10ஆம் நூற்றாண்டில் பதப்படுத்திய தோலில் படியெடுக்கப்பட்ட ஆர்க்கிமிடீஸின் கணித நூல்களைப் பின்வந்தோர் சுரண்டிவிட்டு, அதே தோலின் மீது 1229இல் கிறித்தவ வேண்டுதல்களை எழுதினர். ஆயினும் வழிபாட்டு நூலாக மாறியதாலேயே அந்த ஏடு பிழைத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. 1998இல் ஏலத்தில் விலைபோன அது பால்டிமோரின் வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தை அடைந்தபோது பூஞ்சையால் அரிக்கப்பட்டிருந்தது. முதுகில் பூசப்பட்டிருந்த செயற்கைப் பசையை நீக்கித் தாள்களைப் பிரிப்பதற்கே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிடித்தன என்பது, எந்தக் கருவியையும்விடப் பேணுநரின் பொறுமையே முதலில் போற்றத்தக்கது எனக் காட்டுகிறது. அதன் பின்னர், புற ஊதா முதல் அகச்சிவப்பு வரையிலான வெவ்வேறு அலைநீள ஒளியில் ஒரே பக்கத்தைப் பலமுறை படமெடுத்துக் கணினியில் இணைக்கும் பல்நிறமாலைப் படமாக்கம் பெரும்பாலான வரிகளை மீட்டது. 20ஆம் நூற்றாண்டில் விலையை உயர்த்தப் பொன்னிழைத்து வரையப்பட்ட போலி ஓவியங்கள் மறைத்த பக்கங்களில் அம்முறை பயன்படாமற்போகவே, ஸ்டான்ஃபோர்டின் சிங்க்ரோட்ரான் முடுக்கியிலிருந்து செலுத்தப்பட்ட எக்ஸ் கதிர்கள் மையிலுள்ள இரும்பு அணுக்களைத் தூண்ட, அவை தமக்கே உரிய கதிரை உமிழ்ந்து எழுத்தின் வடிவைக் காட்டிக்கொடுத்தன.