ஐஸ் ஹவுஸ் ஸ்டாப்பில் ஏறும் பனிமனிதர்

எல்லா ஆபீசிலும் இப்படி ஒருவர் இருப்பார். நாற்காலி முதுகில் துண்டு, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் முருகன் படம், இடது டிராயரில் விக்ஸ் டப்பா, வலது டிராயரில் அட்டை கிழிந்த ஆங்கில அகராதி. ஒரு இடியமாவது சொல்லாமல் அவரால் ரப்பர் ஸ்டாம்புகூட குத்த முடியாது. எங்கள் ஆபீசில் இருந்தவர் இந்த இனத்திலேயே தனி ரகம். குளிர், பனி, ஐஸ் சம்பந்தப்பட்ட இங்கிலீஷ் சொற்களுக்கு மட்டும் அவர் மொத்த வியாபாரி.

பனியை அவர் நேரில் பார்த்தது வீட்டு ஃப்ரீசரில்தான். மார்கழியில் மெட்ராஸ் 22 டிகிரிக்கு இறங்கிவிட்டால் மஃப்ளர், மங்கி குல்லா, காதில் பஞ்சு சகிதமாக வந்து நிற்பார். ஆனால் அக்னி நட்சத்திரத்தில், தலைக்கு மேலே ஃபேன் அனலை அள்ளி இறைத்துக்கொண்டிருக்கும்போது வாயைத் திறந்தாரென்றால் சைபீரியாதான்.

"உங்க மனு கோல்டு ஸ்டோரேஜ்ல கிடக்குதுங்க" என்றார் ஒருநாள், கவுன்ட்டருக்கு வந்த ஒரு பெரியவரிடம். பெரியவர் உருளைக்கிழங்கு போடுகிறவர் போலிருக்கிறது. "எந்த ஊர் குடோனுங்க? வாடகை எவ்வளவு ஆச்சுன்னு சொன்னா கட்டிட்டு எடுத்துக்கறேன்" என்றார். நம்மவருக்குப் பேச்சு வரவில்லை. அன்றைக்கு அந்த மனு உடனே நகர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஐஸ் பிரேக்கிங் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். எல்லோரும் பந்தைத் தூக்கிப் போட்டுப் பேர் சொல்லிக்கொண்டிருக்க, இவர் எழுந்து கப்பலைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். ஐஸ் உடைக்கிற கப்பல், நாம் நினைக்கிற மாதிரி முட்டி மோதி உடைப்பதில்லையாம். மூக்கைத் தூக்கிக்கொண்டு பனிப்பாளத்தின் மேலே ஏறி, தன் எடையை அதன் மேல் இறக்கி நொறுக்குமாம். "அதனாலதான் இந்தக் கூட்டத்தை மேனேஜரே நடத்தறாரு" என்று முடித்தார். மேனேஜர் நூற்றுப் பத்து கிலோ. அடுத்த கூட்டத்துக்கு இவரை அழைக்கவில்லை. "கோல்டு ஷோல்டர் காட்டறாங்க தம்பி" என்றார் என்னிடம், புண்பட்ட குரலில், ஆனால் சொல் சரியாகப் பொருந்திய திருப்தியோடு.

அந்தக் கோல்டு ஷோல்டருக்கு அவரிடம் ஒரு கதை இருந்தது. வேண்டாத விருந்தாளி வந்தால் இங்கிலீஷ்காரன் சுடச்சுடச் சமைத்துப் போடாமல் ஆறிப்போன ஆட்டுத் தொடைக்கறியை, "தொடை இல்லப்பா, தோள், ஷோல்டர்", எடுத்து வைப்பானாம். பத்து வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த புத்தகத்தில் அந்தக் கறிக்கதைக்கு ஆதாரமே கிடையாது என்று படித்துவிட்டார். ஸ்காட்லாந்துக்காரர் வால்டர் ஸ்காட் 1816-இல் ஒரு நாவலில் அந்தத் தொடரை எழுதியதாகத் தெரிகிறது, அங்கே சாப்பாடு, கறி எதுவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வது மட்டும்தான். இரண்டு நாள் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்கென்னவோ கறிக்கதையே பிடித்திருந்தது. நம் வீடுகளிலும் காபி ஆறி வந்தால் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டிய நேரம் என்று அர்த்தம்தானே?

அவர் தினமும் பஸ் ஏறுவது ஐஸ் ஹவுஸ் ஸ்டாப்பில். இதை வெறும் ஸ்டாப்பாக அவர் நினைத்ததில்லை, பட்டா போட்ட பூர்வீகச் சொத்து. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகள் உறைந்ததும் பாளம் பாளமாக அறுத்துக் கப்பலேற்றினார் ஃபிரடெரிக் டியூடர் என்கிற வியாபாரி. 1833-இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது 180 டன். நாலு மாசம் கடலில் மிதந்து, வழியில் கரைந்தது போக ஏறக்குறைய 100 டன் வந்து இறங்கியது. மெட்ராசில் அந்த ஐஸைச் சேர்த்து வைக்க 1842-இல் கடற்கரையில் கட்டியதுதான் இந்த ஐஸ் ஹவுஸ். 1897-இல் விவேகானந்தர் வந்து தங்கியதும் இங்கேதான். "ஐஸ் உருகிடுச்சு, பேர் உருகல பாத்தியா" என்பார் கண்டக்டரிடம். கண்டக்டர் சில்லறை கேட்பார்.

ஸ்டாப்புக்கு எதிரே ஒரு கரும்புச்சாறு வண்டி. சாக்கில் சுற்றிய ஐஸ்கட்டியைத் தரையில் வைத்து, உருட்டுக்கட்டையால் நாலு போடு போட்டு, ஈரச் சாக்கைப் பிரித்து, வைக்கோல் துணுக்கைத் தட்டிவிட்டு, ஒரு கைப்பிடி அள்ளி டம்ளரில் போடுவார் வண்டிக்காரர். நம்மவர் பக்கத்தில் நின்று, "இப்ப நீ செஞ்சியே, இதுக்குத்தாம்ப்பா பிரேக்கிங் தி ஐஸ்னு பேரு. முன்னபின்ன தெரியாதவங்க கூச்சம் விட்டுப் பேச ஆரம்பிக்கிறது" என்றார். "எனக்கு என்ன சார் கூச்சம், பதினஞ்சு ரூபா குடுங்க" என்றார் அவர்.

உண்மையில் அவருடைய சங்கடமே இதுதான். இங்கிலீஷில் குளிர் என்றால் பெரும்பாலும் பகை, பாராமுகம், ஈரமில்லாத நெஞ்சு. துரைமார்களுக்கு அது கைகால் விறைக்கவைக்கிற சனியன், அதனால் வரவேற்புகூட அவர்களுக்கு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். வெயிலில் வெந்த நமக்கோ கண் குளிர்கிறது, மனசு குளிர்கிறது, உச்சி குளிர்கிறது. பிடிக்காதவன் கார் வாங்கினால் வயிறு எரிகிறது. ஆத்தாளுக்கே நாம் கூழ் ஊற்றிக் குளிர வைக்கிறோம். அவர் பாவம், மூளையில் லண்டன் டிசம்பரும் முதுகில் மெட்ராஸ் மே மாதமுமாக முப்பத்து நாலு வருஷம் சர்வீஸ் போட்டார்.

ஒருமுறை மேலதிகாரி ஒரு ஃபைலின் ஓரத்தில் 'புட் ஆன் ஐஸ்' என்று கிறுக்கி அனுப்பியிருந்தார். கிடப்பில் போடு என்று பொருள். புதிதாக வந்த பையன் அதை வாசித்துவிட்டு, "யாருக்கு சார் ஐஸ் வைக்கணும்?" என்று பொறுப்பாகக் கேட்டான். நம்மவர் சிரித்ததில் பல்செட் கழன்றது. "அங்கே ஐஸ்ல வெச்சா ஆளை மறந்துட்டாங்கன்னு அர்த்தம். இங்கே ஐஸ் வெச்சா ஆளுக்கு இன்க்ரிமென்ட்!" என்று நாள் முழுக்க ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொன்னார்.

வார்த்தையில் இருந்த துணிச்சல் அவர் காலில் இருந்ததில்லை. பஞ்சப்படி பாக்கியைப் பற்றி மேனேஜரை நேருக்கு நேர் கேட்டுவிடுவதாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனவர், கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். "கோல்டு ஃபீட்டா சார்?" என்றேன். கோபிப்பார் என்று பார்த்தால், "கரெக்டான யூஸேஜ்!" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ரிட்டையரான பிறகு ஒருநாள் வீட்டுக்குப் போயிருந்தேன். காஸ் புக் பண்ண மறந்ததற்கு அவர் மனைவி ஏதோ சொல்ல, இவர் பதிலுக்கு என்னவோ எகிறிவிட்டார். அவர்கள் சமையலறை வாசலில் நின்று நிதானமாகச் சொன்னார்கள்: "ரிட்டையர் ஆனதும் உங்களுக்குக் குளிர் விட்டுப்போச்சுங்க."

அப்படியே நின்றார். கோபம் இறங்கி முகத்தில் வேறு என்னவோ ஏறியது.

"தம்பி, பயத்துக்கு இவங்களும் குளிர்னுதான் சொல்றாங்க பாத்தியா! கோல்டு ஃபீட்டும் இதுவும் சொந்தக்காரங்கப்பா!" தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துத் திருப்பி வைத்துக்கொண்டு, சட்டைப் பையில் பேனாவைத் தடவினார். "என்ன சொன்னே, இன்னொரு வாட்டி சொல்லு" என்றார் மனைவியிடம்.

"காபி ஆறுது" என்றார்கள் அந்த அம்மா.