சுண்டைக்காய் கால் பணம்: கொள்முதல் குழுவுக்கு ஒரு பகிரங்க மடல்

பெறுநர்: கொள்முதல் குழுவின் தலைவர், உறுப்பினர்கள், சிறப்பு அழைப்பாளர்கள் (சிற்றுண்டி நேரத்துக்கு மட்டும் வருவோர் உட்பட).

பொருள்: நிறுவனத்தின் பெயர் பொறித்த டி-சர்ட், தொப்பி, காபிக் கோப்பை முதலியவற்றை விற்க இணையத்தில் வாடகைக் கடை அமர்த்துதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பும் அதன் இணைப்புகளும், இணைப்புகளின் திருத்தங்களும்.

மதிப்பிற்குரியீர்,

கம்பெனிப் பெயர் போட்ட பனியனை ஊழியர்களுக்கும் அபிமானிகளுக்கும் விற்க வேண்டும் என்ற எளிய ஆசையை அணைக்கட்டு ஒப்பந்தத்தின் கனத்துக்கு வளர்த்தெடுத்த தங்கள் உழைப்பை முதற்கண் வணங்குகிறேன். கடை பல நாணயங்களில் விலை காட்ட வேண்டும். வாடிக்கையாளரின் மனத்தைச் செயற்கை நுண்ணறிவால் அறிந்து அடுத்த தொப்பியைப் பரிந்துரைக்க வேண்டும். அந்தத் தொப்பியைத் திரையிலேயே சுழற்றிப் பார்க்க வழி இருக்க வேண்டும். அதற்குத் தனி மதிப்பெண்ணும் உண்டு. ஒப்பந்தம் முடிந்து கடையைக் காலி செய்யும்போது ஆர்டர் விவரங்கள் யார் கைக்கு வரும் என்ற கேள்விக்கு மட்டும் மதிப்பெண் இல்லை, ஏனென்றால் அந்தக் கேள்வியே இல்லை. ஒரே ஒரு முறையீட்டைத்தான் இக்கடிதத்தில் வைக்கிறேன். கடையை அமர்த்தும் நாளில் கண்ணுக்குப் படுபவற்றுக்கெல்லாம் மதிப்பெண் போடுகிறீர்கள். காசு கரைவதோ கடை நடக்கும் நாட்களில். கழுத்தைப் பிடிப்பதோ கடையை மாற்றும் நாளில். இந்த இரண்டையும் விட்டுவிட்டு மாத வாடகையை மட்டும் ஒப்பிட்டு 'எல்1', அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர், யார் என்று அறிவிப்பது, சட்டையை அளவெடுக்காமல் விலையை மட்டும் பேசி வாங்குவதாகும்.

முதலில் வாங்கப்போவது யார் என்று பார்த்துவிடலாம். நாசாவின் சின்னம் போட்ட டி-சர்ட்டை உலகெங்கும் காசு கொடுத்து வாங்கி அணிகிறார்கள். 1975இல் வந்து 1992இல் கைவிடப்பட்ட அதன் சிவப்பு நெளிவெழுத்துச் சின்னத்தை 2020இல் மீண்டும் எடுத்துவைக்கும் அளவுக்கு அதன் மேல் மோகம். இத்தனைக்கும் துணிக்கடைகளிடம் நாசா உரிமக் கட்டணம் வாங்குவதில்லை. நிலவில் கால் பதிக்காத நம் நிறுவனத்தின் சின்னத்தை யார் வாங்குவார்கள்? புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், ஓய்வு பெறுவோருக்குப் பரிசு வாங்கும் சக ஊழியர்கள், ஆண்டு விழாக் குழு, வெளியூர்க் கிளைகள், கொஞ்சம் முகவர்கள். இதில் அவமானம் ஒன்றுமில்லை. உலகில் பெரும்பாலான நிறுவனக் கடைகள் இப்படித்தான் நடக்கின்றன. ஆனால் மாதத்துக்கு ஐம்பது, நூறு பொட்டலம் போகும் கடைக்கும் தீபாவளித் தள்ளுபடியில் லட்சம் பொட்டலம் போகும் கடைக்கும் தேவைகள் வேறு வேறு. சின்னக் கடையை விற்பனைக் குறைவு கொல்வதில்லை, ஒவ்வொரு விற்பனையிலும் ஒழுகிப்போகும் சில்லறைதான் கொல்கிறது.

ஒரே ஒரு டி-சர்ட்டை மேசை மேல் வைத்து எண்ணிப் பார்ப்போம். வரி உட்பட விலை 499 ரூபாய். 2,500 ரூபாய்க்கு மேற்படாத ஆடைக்கு ஜிஎஸ்டி 5% என்பதால் அரசுக்குச் சுமார் 24 ரூபாய். கார்டில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே வழக்கமாக 2% எடுக்கும். அந்தக் கட்டணத்தின் மேல் 18% ஜிஎஸ்டி. ஆக ஏறத்தாழ 12 ரூபாய். அடுத்து, விளம்பரத் தாளில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு சமாசாரம். ஷாப்பிஃபை போன்ற அயல்நாட்டுச் சேவையை எடுத்தால், அதன் சொந்தப் பணவசூல் சேவை இந்தியாவில் கிடையாது. வெளி கேட்வேயைத்தான் இணைக்க வேண்டும், அப்படி இணைத்ததற்காக அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனையிலும் 2% தனியாக எடுத்துக்கொள்வார்கள். அது இன்னொரு 10 ரூபாய். திருப்பூரில் தைத்து அச்சடித்து வந்த சட்டைக்கு 220, கூரியருக்கு 70, உறைக்கும் ஒட்டுத்தாளுக்கும் 12 என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 151 ரூபாய். கடை வாடகை மாதம் இரண்டாயிரம் என்றால் அதை மட்டும் அடைக்கவே பதினான்கு சட்டை விற்க வேண்டும். வாங்கியவர் "இறுக்கமாக இருக்கிறது, ஒரு சைஸ் பெரிதாகக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டால் போக 70, வர 70; அந்தச் சட்டையில் கையில் நிற்பது 11 ரூபாய். பணத்தையே திருப்பிக் கொடுத்தாலும் கேட்வே எடுத்த கட்டணம் பொதுவாகத் திரும்பாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லிவைத்தவர்களுக்குக் கூரியர் கட்டண அட்டவணை தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்தக் கணக்கில் மாத வாடகை எவ்வளவு சிறிய பங்கு என்பதைக் குழு கவனிக்க வேண்டுகிறேன். வாடகையில் ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தவர் எல்1 ஆகிவிடுகிறார். ஆனால் சைஸ் மாற்றத்தை எளிதாக்கும் கடை எது? ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி இருப்பைக் காட்டி, தீர்ந்த அளவைத் தானாக மறைக்கும் கடை எது? அளவு அட்டவணையை மார்புச் சுற்றளவோடு வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே காட்டுவது எது? ஐந்நூறு ரூபாயை நான்கே சைஸ் மாற்றங்களில் ஈடுகட்டுவது இவைதான். மீடியமும் லார்ஜும் முதல் வாரத்தில் தீர்ந்து, ஸ்மாலும் டபுள் எக்ஸ்எல்லும் மூட்டையாகப் பண்டகசாலையில் கிடப்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் கண்ட காட்சி. மூட்டை கிடப்பதைச் சுழலும் தொப்பி சொல்லாது.

வரிப் பக்கத்துக்கு வந்தால் தங்கள் ஆவணம் இன்னும் நிம்மதியாகத் தூங்குகிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு 100% கூப்பன் கொடுத்து ஒரு சட்டையை இலவசமாக எடுத்துக்கொள்ளச் சொல்வீர்கள். விற்ற சட்டைக்கு உள்ளீட்டு வரி வரவு உண்டு. பரிசாகக் கொடுத்த பொருளுக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)ஆம் பிரிவு அதை மறுக்கிறது. ஒரு ஊழியருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரையிலான பரிசு 'வழங்கல்' ஆகாது என்ற விலக்கு வேறொரு அட்டவணையில் இருக்கிறது. அது இந்த மறுப்பை நீக்குவதில்லை. ஆகவே எது விற்பனை, எது பரிசு என்று கடை பிரித்துக் காட்ட வேண்டும். கூப்பனை வெறும் தள்ளுபடியாக எண்ணிக்கொண்டு பூஜ்ய ரூபாய் விலைப்பட்டியல் அடிக்கும் மென்பொருளால் ஆண்டுக் கடைசியில் கணக்குப் பிரிவில் யார் விடுப்பு ரத்தாகும் என்பது குழுவுக்குத் தெரியாததல்ல. இதோடு 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் உண்டு: சொந்தச் சரக்கை விற்கும் ஒற்றைப் பிராண்டு கடையும் குறைதீர் அலுவலரின் பெயரை வெளியிட வேண்டும், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கடையை வாடகைக்கு விட்டவர் இந்தப் பொறுப்பைச் சேர்த்து விலை சொல்லவில்லை. அந்த அலுவலர் நம்மில் யாரோ ஒருவர். சிறப்பு அழைப்பாளர்களில் ஒருவரை நியமிக்கலாம் என்பது என் பணிவான யோசனை.

"பெரிய நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் கவலையில்லை, அவர்கள் எங்கே ஓடிவிடப் போகிறார்கள்" என்பது குழுவில் வழக்கமாக எழும் மறுப்பு. ஓடத்தான் செய்திருக்கிறார்கள். ஈபேயின் கையில் இருந்த 'மஜென்டோ கோ' என்ற வாடகைக் கடைச் சேவையை மூடப்போவதாக 2014 ஜூலையில் அறிவித்தார்கள். 2015 பிப்ரவரியில் கதவு சாத்தியாகிவிட்டது. அமேசானைவிடப் பெரிய கடைக்காரர் யார்? அவர்களும் 'வெப்ஸ்டோர்' என்ற பெயரில் மற்றவர்களுக்குக் கடை கட்டிக் கொடுத்தார்கள். 2016 ஜூலையில் அதை மூடினார்கள், மூடும் முன் வாடிக்கையாளர்களை ஷாப்பிஃபைக்குப் போகச் சொல்லிக் கைகாட்டினார்கள். மூடாமலே விதியை மாற்றியவர்களும் உண்டு. சின்னம் போட்ட சட்டையையும் கோப்பையையும் அச்சடித்து விற்றுத் தருவதில் முன்னோடியான கஃபேபிரஸ், தன் பொதுச் சந்தைப் பக்கத்தில் கடைக்காரர்கள் தாங்களே லாபம் வைத்துக்கொள்ள விட்டிருந்தது. 2009இல் அதை விலையில் 10% என்று தானே நிர்ணயித்துவிட்டது. இவர்களில் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. கட்டடம் அவர்களுடையது, வாடகை விதியும் அவர்களுடையது, அவ்வளவுதான். பெரியவர் என்பதால் நீடிப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. நம் போன்ற சின்னக் குடித்தனக்காரர் போனால் அவர் கணக்கில் ஒரு எண்கூட அசையாது என்பதற்குத்தான் உத்தரவாதம்.

ஆகவே போகும் வழியை வரும்போதே பார்த்துவைக்க வேண்டும். பொருள் பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல், ஆர்டர்கள் ஆகியவற்றைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், பெரும்பாலும் உண்மைதான். கோப்பில் வராதவை எவை என்பதில்தான் சூட்சுமம். வாடிக்கையாளர்களின் கடவுச்சொல் வராது; அத்தனை பேரும் புதுக் கடையில் மறுபடி பதிய வேண்டும். காசு கொடுத்துச் செய்த வடிவமைப்பு அந்தக் கடையின் வார்ப்புரு மொழியில் எழுதப்பட்டது, வேறு கூரையின் கீழ் நிற்காது. வெளிச் செயலியில் சேர்ந்த விமரிசனங்கள் செயலியோடு போய்விடலாம். பக்க முகவரிகளும் மாறும். ஆண்டு மலரில் அச்சடித்த க்யூஆர் குறி 'பக்கம் இல்லை' என்று காட்டும். எல்லாவற்றுக்கும் மேல், டொமைன் யார் பெயரில் இருக்கிறது? கடை அமைத்துத் தந்த ஏஜென்சி தன் பெயரிலேயே வாங்கிப் போட்டிருப்பதும், நிர்வாகக் கணக்கின் ஓடிபி வேலையை விட்டுப்போன பயிற்சி ஊழியரின் போனுக்குப் போவதும் நாட்டில் சகஜம். இவற்றைச் சரிபார்க்க ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம் தங்கள் மதிப்பீட்டு அட்டவணையில் இல்லை.

"அப்படியானால் வாடகைக் கடையே வேண்டாம், நம் ஐடி பிரிவே கட்டட்டும்" என்பார் ஒருவர். இது லேசாகத் தள்ளக்கூடிய மறுப்பல்ல. 2011இல் வந்த வூகாமர்ஸ் இலவசம். மென்பொருளும் தகவலும் நம் கையிலேயே இருக்கும். வெளியேறும் சிக்கல் பாதி தீர்ந்தது. கார்டு எண்களை வணிகர்கள் சேமிக்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 அக்டோபர் முதல் விதித்துவிட்டதால் பழைய பயம் ஒன்றும் குறைந்திருக்கிறது. ஆனால் வூகாமர்ஸின் செருகுநிரல்களை வாராவாரம் புதுப்பிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் சம்பளப் பட்டியலில் இருப்பவர்; அவருடைய மற்ற வேலை நிறுவனத்தின் உண்மையான வேலை. பொங்கல் விடுமுறையில் கடை ஹேக் ஆனால், நூறு சட்டையின் லாபத்துக்காக ஊரிலிருந்து அவரைத் திரும்ப வரவழைப்பீர்கள். இந்த அளவுக் கடைக்கு வாடகை இடமே சரி என்பது என் கட்சி. இன்னொருவர் "சரக்கே வைக்காமல், ஆர்டர் வந்ததும் ஒற்றைச் சட்டையாக அச்சடித்து அனுப்பச் சொல்லலாமே" என்பார். நல்ல யோசனை; திருப்பூரிலேயே அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், மூட்டைப் பிரச்சினையும் தீரும். சட்டை ஒன்றுக்கு அடக்கவிலை கூடும், அந்த 151 ரூபாய் இன்னும் மெலியும். அதைத் தெரிந்தே ஏற்கலாம். புதிய டிசைனை முதலில் ஒற்றையாக அச்சடித்து விற்றுப் பார்த்து, ஓடுவதை மட்டும் மொத்தமாகத் தைக்கச் சொல்வது புத்திசாலித்தனம். அதற்கு இரண்டு வகைச் சரக்கையும் ஒரே கடையில் வைக்க இடம் தரும் சேவையா என்று கேட்க வேண்டும். சென்னையின் ஸோஹோ உட்பட யாரை அழைத்தாலும் இதைக் கேட்கலாம். நம் கணக்குப் பிரிவு ஏற்கெனவே புழங்கும் மென்பொருளோடு பேசும் கடை என்றால் என் ஓட்டு அதற்கே, அதில் தொப்பி சுழலாவிட்டாலும்.

ஷாப்பிஃபையே பிறந்த கதையைக் குழுவின் ஆறுதலுக்காகச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் ஒட்டாவாவில் 2004இல் பனிச்சறுக்குப் பலகை விற்கக் கிளம்பியவர்களுக்கு அன்று கிடைத்த கடை மென்பொருள் எதுவும் பிடிக்கவில்லை. தாங்களே ஒன்றை எழுதினார்கள். பலகை வியாபாரத்தை விட்டுவிட்டு 2006இல் அந்த மென்பொருளையே விற்கத் தொடங்கினார்கள். நம் குழுவிலிருந்தும் அப்படி ஒன்று பிறக்கலாம், அதுவரை பனியன் விற்க வழி வேண்டும்.

ஆகவே வேண்டுவது இதுதான். செய்முறை விளக்கத்துக்கு வருவோரிடம் பரிந்துரைப் பெட்டியைக் காட்டச் சொல்லாதீர்கள். ஒரு எக்ஸ்எல் சட்டையை விற்கச் சொல்லுங்கள். அதை டபுள் எக்ஸ்எல்லாக மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்றை 100% கூப்பனில் பரிசாகக் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்றாவதற்குப் பணத்தைத் திருப்பச் சொல்லுங்கள். பிறகு இத்தனையையும் ஒரே கோப்பாக இறக்கிக் கணக்குப் பிரிவு குமாஸ்தாவின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் வரியையும் கட்டணத்தையும் இருப்பையும் ரூபாய்க்கு ரூபாய் ஒட்டிப் பார்த்துத் தலையசைத்தால், அந்தக் கடையைக் காட்டியவர்தான் எல்1, வாடகை ஐந்நூறு கூடுதலாக இருந்தாலும். டொமைன் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே சேர்த்துவிடலாம். தங்கள் வழக்கப்படி கடைசித் தேதி இன்னொரு முறை நீட்டிக்கப்படும் என்பதால், திருத்தம் வெளியிட அவகாசத்துக்குப் பஞ்சமில்லை.

இப்படிக்கு,
தங்கள் ஆவணத்தை இணைப்புகளோடு முழுவதும் படித்த ஒருவர்

நகல்: கணக்குப் பிரிவு குமாஸ்தாவுக்கு – தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்.