டீசலுக்குக் கரண்ட், கரண்டுக்கு டீசல்

கோழி முதலா, முட்டை முதலா? (மோகனூர் வாசகர்)

நாமக்கல்லில் லாரிதான் முதல்! 2018 ஜூலை 20-ம் தேதி, டீசல் விலையையும் சுங்கக் கட்டணத்தையும் எதிர்த்து லாரி ஸ்டிரைக் தொடங்கியது. விற்க வேண்டிய முட்டை பண்ணையிலேயே அட்டை அட்டையாகத் தேங்கியது. வெளிமாநில மக்காச்சோளமும் சோயாவும் வந்து சேரவும் லாரிதான் வேண்டும். கோழிக்கு ஸ்டிரைக் தெரியுமா? அது பாட்டுக்குத் தினமும் முட்டை போட்டது. ஸ்டிரைக் முடிய எட்டாவது நாள் ஆனது.

கரண்ட் போனால் செல்போன் சிக்னலும் போகிறதே, இரண்டும் சொந்தமா? (ராசிபுரம் வாசகி)

பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்திகள். ஒரு வீட்டில் சண்டை என்றால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. 2003 செப்டம்பர் 28 அன்று இத்தாலியில் மின்நிலையங்கள் நின்றதும் தகவல் தொடர்பு முனைகள் படுத்தன; அவை படுத்ததால் இன்னும் சில மின்நிலையங்கள் நின்றன. இந்தச் சம்பந்தத்தைப் புல்டிரேவ், ஹாவ்லின் குழுவினர் 2010-ல் 'நேச்சர்' இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சில பெரிய ஜங்ஷன், ஏராளமான சின்னக் கிளை என்று அமைந்த வலை, தனியாக இருக்கும்வரை எங்கோ நாலு முனை கெட்டாலும் தாங்கும். இன்னொரு வலையை நம்பத் தொடங்கினால் அதுவே சீக்கிரம் உடைகிறது. சேலம் ஜங்ஷன் ஒரு டீக்கடை ஃப்யூஸை நம்பி நிற்பதாக நினைத்துப் பாருங்கள். உடைவதும் கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, சடாரென்று.

2012-ல் வடநாடே இருண்டபோது நமக்கு மட்டும் கரண்ட் இருந்ததாமே? (சங்ககிரி வாசகர்)

பள்ளிபாளையம் விசைத்தறிக்காரர் காதில் விழப்போகிறது! அந்த வருட மின்வெட்டை அவர் இன்னும் மறக்கவில்லை. ஜூலை 31 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு கிரிட்கள் மூன்றும் விழுந்து, சுமார் 60 கோடிப் பேர் வாழும் பகுதி இருண்டது. தென் கிரிட் அவற்றோடு ஒரே தாளத்தில் ஓடவில்லை, தப்பித்தோம். வடக்கே மிச்சமிருந்த கரண்டை வேண்டிய மட்டும் வாங்க முடியாததும் அதனால்தான். ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வழியாகச் சம்பந்தம் முடிந்தது 2013 டிசம்பர் 31-ல். இனி அவர்கள் வெளிச்சமும் நமக்கு, இருட்டும் நமக்கு.

வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்கினால் தப்பிக்கலாமா? (பரமத்தி வாசகர்)

ஒருமுறை மழை நாளில் ஒரு பங்க்கில் நின்றேன். காலடியில் தொட்டி நிறைய டீசல். பம்பு ஓடக் கரண்ட் இல்லை. பங்க் ஜெனரேட்டர் ரிப்பேர். மெக்கானிக்கைக் கூப்பிடலாமென்றால் டவர் இல்லை. வீட்டு ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க வந்தவர் கேனைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.