மாமியார் சொன்ன இடம்

கேள்வி: வீட்டுக்கு முதன்முதலாக பிராட்பேண்ட் வந்திருக்கிறது. ரவுட்டரை பீரோ மேல் வைக்கச் சொல்கிறார் மாமியார். சரியா? வேறென்ன கவனிக்கணும்?
– ஒரு வாசகி, ராஜபாளையம்

பதில்: உயரம் சரிதான். பீரோ இரும்பாக இருந்தால்தான் வம்பு. அலை அதில் பட்டுத் திரும்பிவிடும். வீட்டின் நடுவில், திறந்த அலமாரியில் வையுங்கள். (மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.) ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் பெட்டியைத் தட்டாதீர்கள். ஃபைபரில் ஒளி வரவில்லை. கம்பெனிக்குப் போன் போடுங்கள்.

அடுத்து, பிரௌசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். பல ரவுட்டர்களுக்கு வாசல் இதுதான்; திறக்காவிட்டால் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். முதல் எண் உங்களுக்கு மறக்காது: பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 192 அடி என்பார்களே! உள்ளே போனதும் ‘அட்மின்’ என்ற பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2005-இல் தபால்தலையிலேயே இடம்பிடித்த ராஜபாளையம் நாயை வாசலில் கட்டிவிட்டு, வைஃபைக்கு 12345678 வைப்பவர்கள் உண்டு. நாய் திருடனைப் பிடிக்கும். மாடிவீட்டுப் பையனின் செல்போனைப் பிடிக்காது.

வைஃபை அலைவரிசையில், சுவர் தாண்டிப் பின்கட்டுக்குப் போக 2.4 கிகாஹெர்ட்ஸ், கூடத்து டிவிக்கு வேகமான 5.

வைஃபைக்கு ‘பால்கோவா’ என்று மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள். தெருவே ருசி பார்க்க வரும்.