தோசைமாவு பொங்கத் தாமதித்தல்: சுங்கை வே வட்டாரத்தை முன்னிட்டு ஒரு விசாரணை

நொதித்தல் என்னும் காரியம் பூலோகம் முழுவதும் நடைபெற்று வருவதாயினும், அதன் மந்தகதியைப் பற்றி விசாரிக்கப் புகுந்தவனுக்குச் சுங்கை வேயைவிடப் பொருத்தமான க்ஷேத்திரம் வாய்ப்பது அரிது. பெயர்ப்பலகைகளில் ஸ்ரீ செத்தியா என்று மாறிவிட்டபோதிலும் பழைய குடிகளின் வாயில் இன்னமும் சுங்கை வேயாகவே இருந்துவரும் இவ்வூரில், 1960களின் நடுப்பகுதியில் கின்னஸ் கம்பெனியார் ஒரு பீர் ஆலையை நிறுவினர். அது 1989இல் ஆங்கர், டைகர் பீர்களைக் காய்ச்சி வந்த நிறுவனத்தின் மலேசியக் கிளையோடு இணைந்து கின்னஸ் ஆங்கர் ஆயிற்று. 2016 முதல் ஹைனெக்கன் மலேசியா என்னும் திருநாமத்தோடு விளங்கி வருகிறது. ஆலையின் மதிலுக்கு உட்புறம் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சம்பளமும் ஓவர்டைமும் கேளாமல் இரவுபகலாக உழைத்துக்கொண்டிருக்க, மதிலுக்கு வெளியே, அடுக்குமாடி வீட்டுச் சமையற்கட்டில், முந்தைய மாலையில் அரைத்து வைத்த தோசைமாவு விடிந்த பிறகும் வைத்த மட்டத்திலேயே கிடக்கிறது. இந்த வைஷம்யத்துக்குக் காரணம் யாது?

பீர் ஆலையைப் பற்றிப் பேசத் தொடங்கியவன் வீட்டில் பீர் காய்ச்சுவதைப் பற்றியல்லவா ஆராயவேண்டும் என்று கேட்கும் நண்பர்களுக்கு, இந்நாட்டின் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டம் உரிமமின்றி மதுபானம் உற்பத்தி செய்வதை அனுமதிப்பதில்லை என்பதை வணக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். கள்ளை ஆராயலாமே என்றாலோ, அதில் ஆராய எதுவுமில்லை. விடியற்காலையில் இறக்கியது வெயில் ஏறுமுன் நுரைத்து, அந்தி சாய்வதற்குள் புளித்து, மறுநாள் காடியாகிற வஸ்து அது. அதன் குற்றமெல்லாம் வேகமே அன்றித் தாமதமன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. கள் பொங்கவில்லை என்று எவரும் முறையிட்டதாகத் தெரியவில்லை. ஆகவே, சட்டத்துக்கும் சமூகத்துக்கும் விரோதமில்லாத தோசைமாவையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டேன்.

முதலில் பூர்வபட்சம். எங்கள் மாடியில் மூன்றாம் வீட்டு அக்கா, மாவுச் சட்டியின் மூடியைத் திறந்து, அகப்பையின் காம்பால் அதன் விலாவில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளேயிருந்து ஒரு குமிழிகூட மேலே வராததைக் கண்டு, "என்னா தம்பி இது, பக்கத்துல பீர் கம்பெனிக்காரனுக்கு மட்டும் நல்லா பொங்குது, நமக்கு மட்டும் பொங்க மாட்டேங்குதே! காத்துல கொஞ்சமாச்சும் இந்தப் பக்கம் வரக்கூடாதா?" என்று வினவினார். இதைப் பாமரக் கேள்வி என்று தள்ளுதல் ஆராய்ச்சியாளனுக்கு அழகன்று. ஆயினும் இக்கொள்கை மூன்று காரணங்களால் நில்லாது. ஆலையின் ஈஸ்ட் மூடிய எஃகுத் தொட்டிகளில் சிறைப்பட்டிருப்பது. மாலைக் காற்று வாங்க வெளியே வருவதன்று. அப்படியே ஒன்றிரண்டு தப்பி வந்தாலும், லாகர் பீருக்கென்று பழக்கப்பட்ட ஈஸ்ட், 8 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிரில் வேலை செய்து வளர்ந்த சுகவாசி. நம் சமையற்கட்டு வெக்கை அதற்கு ஒவ்வாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உளுந்து மாவைப் பொங்க வைப்பது பிரதானமாக ஈஸ்டே அல்ல. லூக்கோனோஸ்டாக் மெசென்ட்ராய்டிஸ் என்று சாஸ்திரிகள் நாமகரணம் செய்திருக்கும் பாக்டீரியாவே புளிப்பையும் வாயுவையும் ஒருங்கே தருகிறது. வேறு ஜாதி உத்தியோகஸ்தரைச் சிபாரிசுக்கு அழைத்துப் பயனில்லை.

இரண்டாவது பூர்வபட்சம், கைராசி. மாமியார் கை வைத்தால் பொங்குகிறது, மருமகள் கை வைத்தால் பொங்குவதில்லை என்னும் இச்சித்தாந்தம் எத்தனையோ குடும்பங்களில் ஆகமப் பிரமாணமாகவே வழங்கி வருகிறது. சொல்பவர் எப்போதும் மாமியாராகவே இருப்பதைக் கவனிக்கவேண்டும். மாவைப் புளிக்கவைக்கும் கிருமிகள் பெரும்பாலும் உளுந்தோடேயே வருகின்றன. பருப்பைக் கொதிநீரில் ஊறப்போட்டாலோ, ஊறிய தண்ணீரையெல்லாம் இரக்கமின்றிக் கொட்டிப் பலமுறை அலசினாலோ, அவை குறைந்துபோகின்றன. கையின் சூடு சிறிது உதவலாம், ராசி உதவுவதில்லை.

இனிச் சித்தாந்தம். கிள்ளான் பள்ளத்தாக்கில் பகல் வெயில் 32, 33 டிகிரியைத் தொடுகிறது. நள்ளிரவிலும் 24க்குக் கீழே இறங்குவது அபூர்வம். மாவுக்கு உகந்த உஷ்ணம் ஏறக்குறைய 30. இயற்கை தன் பங்கைச் செவ்வனே செய்திருக்க, தாமதம் எங்கிருந்து வந்தது? ஏர்கோனிலிருந்து வந்தது. முன்பு தோட்டத்து லயங்களில் அடுப்படியில் இருந்த மாவுச் சட்டி, இன்று கூடத்தோடு ஒட்டிய திறந்த சமையற்கட்டில், 20 டிகிரிக்குத் திருகி வைத்த ஏர்கோனின் வாய்க்கு நேரே இரவு முழுவதும் நடுங்கிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, உளுந்தை ஐஸ்பெட்டியில் வைத்து ஊறப்போட்டு, மிக்சி சூடேறாமலிருக்க ஐஸ்தண்ணீர் விட்டு அரைக்கும் வழக்கமும் புகுந்துவிட்டது. அந்த ஐஸ்தண்ணீர் மிக்சிக்கு நியாயம். ஏனெனில் மிக்சியின் கத்தி மாவை வேகவைத்துவிடும். கல்லில் அரைக்கும் கிரைண்டருக்கு அது வேண்டியதில்லை. குளிர்ந்த மாவில் கிருமிகள் சாவதில்லை. புது ஊருக்கு மாற்றலாகி வந்த குமாஸ்தாவைப்போல நாற்காலியைத் தேடி உட்காரவே நெடுநேரம் எடுத்துக்கொள்கின்றன. வீட்டில் பீர் காய்ச்சும் தேசத்தவர்களும் இதையே சொல்கிறார்கள்: முதல் நாளில் சலனமில்லை என்று பதறுபவனுடைய ஈஸ்ட் பழையதாயிருக்கும், அல்லது அவன் வீட்டு அறை குளிராயிருக்கும், அல்லது அவனுக்குப் பொறுமை இராது.

இங்கே ஒரு பேதத்தை வற்புறுத்த விரும்புகிறேன். புளித்தல் வேறு, பொங்குதல் வேறு. நீர் அதிகம் விட்ட மாவு முறைப்படி புளித்தும் வாயுவைப் பிடித்து வைக்கமாட்டாமல் தட்டையாகவே கிடக்கும். உளுந்தின் வழுவழுப்பும் புரதமுமே அந்த வாயுவுக்குச் சிறைச்சாலை, அவை நீர்த்துப்போனால் கைதி தப்பிவிடுவான். ஆகவே மட்டத்தைப் பார்த்து மாவைக் குற்றம் சொல்வது, குமிழி வரவில்லை என்பதற்காகப் பீரைக் கொட்டிவிடுவதற்குச் சமானம்; அனுபவஸ்தர்கள் குமிழியை நம்பாமல் திரவமானியை இறக்கி அதன் அடர்த்தியை அளப்பார்கள். நமக்கு நாக்கு இருக்கிறது. நாக்கை நம்பாதவர்களுக்குப் பிஹெச் என்னும் அளவை இருக்கிறது. மாவு அரைத்தவுடன் 6ஐ ஒட்டியிருப்பது, புளித்தபின் 4.5 அளவுக்கு இறங்கும். இவ்வளவையை 1909இல் வகுத்த சோரன்சன், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர்க் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்; அக்கம்பெனியின் ஆலையோ 1972 முதல் நமக்கு மேற்கே ஷா ஆலாமில் நடந்து வருகிறது. தோசையின் புளிப்பை அளக்கும் கோலைப் பீர்க்காரர்களிடமே கடன் வாங்கவேண்டியிருப்பதை விதி என்றுதான் சொல்லவேண்டும்.

வாரத்துக்கு ஒரு சட்டி மாவு அரைப்பவர் எப்படி நிச்சயத்துக்கு வருவது என்னும் சங்கைக்கும் பதில் பீர் ஆலையில்தான் இருக்கிறது. டப்ளின் நகரத்துக் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த காசெட் என்பவர், ஈஸ்ட் அணுக்களை எண்ணும்போது நேரும் பிழையைப் பற்றி 1907இலும், சொற்பச் சோதனைகளிலிருந்து முடிவு காண்பது பற்றி 1908இலும் எழுதினார். கம்பெனிக் கட்டுப்பாட்டின் காரணமாகச் சொந்தப் பெயரை மறைத்து, 'மாணவன்' என்றே கையொப்பமிட்டார். அவருடைய முறைப்படி பார்த்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவு பொங்கவில்லை என்பதைக்கொண்டு மருமகளைத் தீர்ப்பிடுவதற்குக் கணித ஆதாரம் கிடையாது.

பரிகாரம் சுருக்கமானது. மாவைக் கெட்டியாக அரையுங்கள். சட்டியில் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். ஏர்கோன் இல்லாத இடத்தில், முடியுமானால் விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள் மூடி வையுங்கள். குளிர் அறைக்காரர்கள் உப்பைப் பிறகு சேர்க்கலாம். அவசரத்துக்கு ஒரு சிட்டிகை ரொட்டி ஈஸ்ட் போடும் பழக்கம் பரவி வருகிறது. அது ஒரு மணி நேரத்தில் பொங்கும் என்பது உண்மை. அப்படிப் பொங்கியதைக் கல்லில் ஊற்றிப் பசியாறினால் ரொட்டி வாசனைதான் வரும்; அதற்குத் தோசை என்று பெயரிட நான் சம்மதியேன்.